மைதாவா, களிமண்ணா, ஸ்லைமா: பிள்ளைக்கு எதைப் பிசைந்து கொடுப்பது?

பள்ளிக்கு லீவு விட்டால் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். போனைப் பிடுங்கியாகிவிட்டது, பதிலுக்குக் கையில் எதைக் கொடுப்பது? யூடியூபில் தேடினால் ஐந்து நிமிடத்தில் ஐம்பது செய்முறை வந்து விழுகிறது. மைதா உருண்டை, கார்ன்ஃப்ளார் மாவு, ஜவ்வு போல இழுபடும் ஸ்லைம், கலர் அரிசி, தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வாட்டர் பீட்ஸ் மணி என்று எதை எடுத்தாலும் "வீட்டிலேயே செய்யலாம், கெமிக்கலே இல்லை" என்றுதான் தொடங்குகிறார்கள். வீட்டில் செய்தோம் என்பதற்காக ஒன்று ஆபத்தில்லாததாக ஆகிவிடாது. கடையில் வாங்கியதெல்லாம் விஷமும் இல்லை.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். இது பிள்ளையின் வாய்க்குள் போனால் என்ன ஆகும்? விளையாடி முடித்த பிறகு இது எங்கே போய் ஒட்டும், எங்கே போய் அடைக்கும்? நிறம், மணம், பளபளப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்தக் கணக்கில் பார்த்தால் மூன்று வயதுக்கு மேல் வேகவைத்த மைதா மாவுதான் முதலிடம். மூன்று வயதுக்குள் என்றால் கொழுக்கட்டை மாவு. இணையத்தில் அதிகம் ஓடும் ஸ்லைமும் வாட்டர் பீட்ஸும் என் பட்டியலில் கடைசியில்கூட இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பச்சை மைதாவும் வெந்த மைதாவும்

மைதா உருண்டையில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு அடுப்பே வேண்டாம். 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, 1 கப் தண்ணீர். பிசைந்தால் வேலை முடிந்தது. இதில் பொம்மை செய்து காயவைத்தால் கல் மாதிரி இறுகும். வண்ணம் தீட்டி நவராத்திரிக் கொலுவில்கூட ஒரு மூலையில் வைக்கலாம். ஆனால் திரும்பத் திரும்ப உருட்டி விளையாட இது சரிப்படாது. ஓரம் வெடிக்கும், கையில் பிசுபிசுக்கும், நம் ஊர் வெயிலில் ஓரிரு நாளில் வாடை வந்துவிடும்.

அதைவிடப் பெரிய சங்கடம், அது பச்சை மாவு என்பது. கோதுமை வயலில் விளைந்து ஆலையில் அரைபட்டு வருகிறதே தவிர, கிருமி போக வெந்து வருவதில்லை. 2016-இல் அமெரிக்காவில் மாவு வழியாக ஈ.கோலை கிருமி பரவிப் பலர் நோயில் விழுந்தபோது, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பச்சை மாவைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள் என்றே சொன்னது. வீட்டில் பிசையும் விளையாட்டு மாவும் அதில் அடக்கம்.

இரண்டாவது வகைக்குப் பத்து நிமிடம் அடுப்படியில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். 2 கப் மைதா, முக்கால் கப் தூள் உப்பு, 4 தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர் (கேக்கில் போடும் புளிப்புத் தூள்), 2 மேசைக்கரண்டி எண்ணெய், 2 கப் தண்ணீர். எல்லாவற்றையும் அடி கனமான வாணலியில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பை மிதமாக ஏற்றுங்கள். முதலில் தோசை மாவுப் பதத்தில் ஓடும். கொஞ்ச நேரத்தில் அடியில் திட்டுத் திட்டாகத் திரளும்; பார்க்கவே நன்றாக இருக்காது, கெட்டுவிட்டது என்று தோன்றும். அங்கேதான் பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காமல் மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிளறிக்கொண்டே இருந்தால், பளபளப்பான ஈர மாவு மங்கலாகி, கரண்டியைச் சுற்றி ஒரே உருண்டையாகச் சட்டியை விட்டு எழுந்து வரும். ஒரு துளி கிள்ளி உருட்டிப் பாருங்கள். விரலில் ஒட்டவில்லை என்றால் இறக்கிவிடலாம். கை பொறுக்கும் சூட்டில் மேடையில் போட்டு நன்றாக அழுத்திப் பிசைய வேண்டும். இந்தப் பிசைதலில்தான் மாவு பட்டுப் போல ஆகிறது.

கிரீம் ஆஃப் டார்ட்டர் பெரிய ஊர்களில் கேக் சாமான் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 8 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும். புளிப்புதான் இங்கே வேலை செய்கிறது: மாவு இழுபட உதவும், சீக்கிரம் கெடாமலும் பார்த்துக்கொள்ளும். உப்பும் கெடாமல் வைப்பதற்குத்தான். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் வாரக்கணக்கில் வரும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் கொஞ்சம். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மாவு வியர்க்கும். அப்போது ஒரு பிடி மைதாவை வெறும் சட்டியில் வறுத்துத் தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். செலவு என்று பார்த்தால், எலுமிச்சை போட்டுச் செய்தால் ஒரு கிலோ மாவு நூறு ரூபாய்க்கு வெகு கீழேயே முடிந்துவிடும்.

உலகம் முழுக்க விற்கும் பிளே-டோவும் அடிப்படையில் கோதுமை மாவு, உப்பு, தண்ணீர்தான். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில், நிலக்கரி அடுப்புப் புகை படிந்த சுவர்க் காகிதத்தைத் துடைக்கச் செய்த மாவு அது. வீடுகள் எரிவாயுவுக்கு மாறியதும் வியாபாரம் படுத்துவிட்டது. மழலையர் பள்ளி நடத்திய ஒரு பெண்மணி அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துப் பார்க்க, 1956-இல் பொம்மைக் கடைக்கு வந்தது. சுவர் துடைத்த மாவுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

இனி, வாயில் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி. வேகவைத்த மாவில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உப்புதான். 10 கிராம் உருண்டை, அதாவது ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு, உள்ளே போனால் 2 கிராமுக்கு மேல் உப்பு போகிறது. பெரியவர்களே நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பச்சை மாவில் இது இன்னும் மோசம், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நல்லவேளையாக உப்பு கரிப்பதால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு தடவை நக்கிப் பார்த்துத் துப்பிவிடுகிறார்கள். இருந்தாலும் எதையும் வாயில் போடும் வயதில் இருக்கும் பிள்ளை கையில் இதைக் கொடுக்காதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம் தேவை. நாய் கரிப்பைப் பார்ப்பதில்லை, முழு உருண்டையையும் விழுங்கிவிடும். உப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கையில் கீறல், நகக்கண் காயம், கரப்பான் புண் இருக்கும் பிள்ளைக்கு இந்த மாவு எரியும். "எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கும் பிள்ளையை, கை அழுக்காவதற்குப் பயப்படுகிறது என்று நினைத்து வற்புறுத்தும் முன் விரல்களைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று வயதுக்குள் என்றால்

கொழுக்கட்டை மாவு போதும். இதை ஏன் எந்த வீடியோவிலும் சொல்வதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பிள்ளையார் சதுர்த்தி அன்று அடுப்படியில் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரு உருண்டை கிள்ளிக் கொடுத்து "போய் குருவி செய்" என்று துரத்துவது நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாக நடக்கிறது. பச்சரிசி மாவு, அதே அளவுக்குச் சற்று மேலே தண்ணீர், சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய். தண்ணீர் கொதித்ததும் மாவைக் கொட்டிக் கிளறி, மூடி வைத்து, சூடு தணிந்ததும் பிசைவது.

மைதா அளவுக்கு இது இழுபடாது. ஆறினால் வெடிக்கும், அரை நாளுக்கு மேல் நிற்காது. ஈரத்துணி போட்டு மூடி, கையை நனைத்து நனைத்துப் பிசைய வேண்டும். ஆனால் ஒரு விள்ளல் உள்ளே போனால் பதற வேண்டியதில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் பிரச்சினை இல்லை. கை கழுவிவிட்டு உருட்டியிருந்தால், அந்தக் கோணல் குருவியையும் வால் அறுந்த மீனையும் அப்படியே இட்லித் தட்டில் வைத்து ஆவி காட்டி அவர்களே சாப்பிடலாம். தான் செய்த மீன் வெந்து வருவதற்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஒன்று மட்டும்: எந்த மாவானாலும் பெரிய கட்டியாக வாயில் அடைத்தால் தொண்டையில் சிக்கும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

களிமண்

பாதுகாப்பில் மைதா முந்தினால், கைக்கு வேலை கொடுப்பதில் களிமண்ணை எதுவும் மிஞ்சாது. மாவு அழுத்தினால் உடனே பணியும்; மண் எதிர்த்து நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு அந்த எதிர்ப்புதான் பயிற்சி. பென்சிலைப் பிடிக்கும் பலமும் அதில் சேர்ந்து வருகிறது.

மண் எங்கே வாங்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி. தெருவோரத்திலோ காலி மனையிலோ தோண்டி எடுக்காதீர்கள். நாயும் பூனையும் அசுத்தம் செய்த இடமாக இருந்தால் கொக்கிப்புழு வர வாய்ப்புண்டு, கண்ணாடிச் சில்லும் கிடக்கும். மண்பாண்டம் செய்பவரிடம் கல் பொறுக்கி மிதித்துப் பதப்படுத்திய மண் இருக்கும். சென்னையில் கொசப்பேட்டை, மதுரைப் பக்கம் விளாச்சேரி என்று ஊருக்கு ஊர் அப்படி ஒரு இடம் உண்டு. கேட்டால் இரண்டு கிலோ கொடுக்க யோசிக்க மாட்டார்கள். ஒரு முறை வாங்கினால் போதும். காய்ந்தால் உடைத்து ஊறப்போட்டுத் திரும்பப் பிசையலாம், கெட்டுப்போகிற பொருளே இல்லை.

ஆனால் அடுக்குமாடி வீட்டில், வெள்ளை டைல்ஸ் மேல், இதைச் சமாளிக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கை கழுவும் தண்ணீர் நேராகச் சிங்கில் போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் கழுவி, மண் அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, படிந்ததைச் செடிக்குப் போட வேண்டும். தரையில் காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசி மூச்சுக்கு நல்லதில்லை, ஈரத்துணியால் துடையுங்கள். முற்றமோ மொட்டை மாடியோ இருப்பவர்களுக்கு நான் மைதாவைவிடக் களிமண்ணையே சொல்வேன்.

கார்ன்ஃப்ளார் வகையறா

2 பங்கு கார்ன்ஃப்ளாருக்கு 1 பங்கு தண்ணீர். இது ஒரு வேடிக்கை. மெதுவாகக் கை விட்டால் தண்ணீராக வழியும், குத்தினால் கட்டியாக நிற்கும். பெரியவர்களும் விடாமல் விளையாடுவார்கள். விலையும் குறைவு, வாயில் பட்டாலும் பெரிய விஷயமில்லை. ஆனால் இதில் எதையும் உருவாக்க முடியாது, அரை மணி நேர வியப்புதான். முடிந்ததும் சிங்கில் ஊற்றிவிடாதீர்கள். மாவு குழாயின் அடியில் போய்க் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். தாம்பாளத்திலேயே காயவிட்டுச் சுரண்டிக் குப்பையில் போடுங்கள்.

கார்ன்ஃப்ளாரில் ஹேர் கண்டிஷனர் கலந்து பிசையும் மாவு தொட அவ்வளவு மென்மை. மணத்துக்காகவே பிள்ளைகள் இதைக் கேட்பார்கள். அந்த மணம்தான் எனக்குத் தயக்கம்: கண்டிஷனர் தலையில் தேய்த்து அலசிவிடச் செய்தது, ஒரு மணி நேரம் கையில் வைத்திருக்கச் செய்ததில்லை. தோல் சட்டென்று சிவக்கும் பிள்ளைக்கு வேண்டாம். அதற்குப் பதில் 8 பங்கு வறுத்த அரிசி மாவில் 1 பங்கு தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசிறிப் பாருங்கள். புட்டு மாவுப் பதத்தில், பிடித்தால் பிடியும், தட்டினால் உதிரும். குட்டிக் கிண்ணங்களில் அடைத்துக் கவிழ்த்து விளையாட மணலைவிட நன்றாக இருக்கும். தரையில் சிந்தினால் வழுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைமும் வாட்டர் பீட்ஸும்

ஸ்லைம் என்பது பிசினும் (ஒட்டும் வெள்ளைப் பசை) வெண்காரமும் (போராக்ஸ்). வெள்ளைப் பிசினில் இருக்கும் நீண்ட இழைகளை வெண்காரம் குறுக்கே கட்டிப்போடுவதால்தான் அந்த இழுவை வருகிறது. வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைப்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறோம். அளவு மீறி உடம்பில் சேர்ந்தால் இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. ஸ்லைம் மாதிரியான பொம்மையிலிருந்து கசியும் போரான் (வெண்காரத்தில் இருக்கும் தனிமம்) கிலோவுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பும் வைத்திருக்கிறது. அங்கே கடையில் விற்பவருக்கு அந்தச் சோதனை உண்டு. நம் அடுப்படியில் "இன்னும் கொஞ்சம் போட்டால் கெட்டியாகும்" என்று போடும் கரண்டிக்கு எந்த வரம்பும் இல்லை.

வெண்காரம் இல்லாத ஸ்லைம் என்று கான்டாக்ட் லென்ஸ் திரவத்தை ஊற்றச் சொல்கிறார்கள். அந்தத் திரவம் பிசினைக் கெட்டியாக்குவதே அதிலிருக்கும் போரிக் அமிலத்தாலும் வெண்காரத்தாலும்தான். பெயர் மாறியதே தவிர சரக்கு ஒன்றுதான். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை கேட்டு அடம் பிடித்தால், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்து, விளையாடியதும் கை கழுவச் சொல்லுங்கள். வீட்டில் காய்ச்சுவதைவிட வாங்குவதே மேல் என்று நான் சொல்லும் ஒரே பொருள் இதுதான். அப்புறம் தலைமுடி, சோபா, மெத்தை விரிப்பு எல்லாம் உங்கள் பாடு.

வாட்டர் பீட்ஸ் விஷயத்தில் பேச்சே வேண்டாம். வறண்டிருக்கும்போது கடுகு போலிருக்கும் மணி, தண்ணீரைக் குடித்துக் கோலிக்குண்டு அளவுக்கு ஊதும். பிள்ளை விழுங்கினால் குடலுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்யும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. குடல் அடைத்து அறுவைச் சிகிச்சை வரை போனதும், உயிரே போனதும் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் ஆகிய பெரிய கடைகள் குழந்தைகளுக்கென்று இதை விற்பதை நிறுத்தின. ஒரு மணி கட்டிலுக்கு அடியில் உருண்டு போனாலும், வீட்டில் தவழும் தங்கை கையில்தான் அது கிடைக்கும்.

அதே வழுவழுப்பு வேண்டுமென்றால் ஜவ்வரிசி இருக்கிறதே. சேலத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. ஊறவைத்து, கண்ணாடி போல ஆகும்வரை வேகவைத்து, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசிக் கொழகொழப்பைப் போக்கி, அகலமான டப்பில் கொட்டுங்கள். ஊறிய சப்ஜா விதையையும் சேர்த்தால் விரலுக்கு இன்னொரு விதமாக இருக்கும். ஒரு நாள்தான் தாங்கும், மறுநாள் புளித்துவிடும். அது குறையே இல்லை.

அரிசி, பருப்பு, மணல்

கலர் அரிசியைப் பற்றிச் சொன்னாலே வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சோற்றுக்கு வைத்த அரிசியில் காலை வைத்து விளையாடுவதா என்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வண்டு விழுந்து ஒதுக்கிய அரிசியோ பழைய கோதுமையோ இருந்தால் தவிர, இதற்கென்று நல்ல அரிசி வாங்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. 1 கப் அரிசிக்கு 1 தேக்கரண்டி வினிகர், சில சொட்டு நிறம், டப்பாவில் போட்டுக் குலுக்கி நிழலில் உலர்த்தினால் மாதக்கணக்கில் இருக்கும். பருப்பு, பட்டாணி வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் உண்டு, உள்ளே ஊறிய பட்டாணியை எடுப்பது டாக்டருக்கே சிரமம். சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்று மணல் ஒரு டப் போதும். கோலப்பொடியை மணலுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அரைத்த கல் தூள், மூக்கில் ஏறும்.

நிறத்துக்கு மஞ்சள் தூளும் பீட்ரூட் சாறும் அடுப்படியிலேயே இருக்கின்றன. பீட்ரூட் கொதித்தால் மங்கும், அதனால் இறக்கியபின் பிசைந்து சேர்க்க வேண்டும். மஞ்சள் துணியில் பட்டால் துவைத்தாலும் போகாது, வெயிலில்தான் வெளுக்கும். சங்குப்பூவை ஊறவைத்த நீர் நல்ல நீலம்தான், ஆனால் மைதா மாவில் எலுமிச்சையோ கிரீம் ஆஃப் டார்ட்டரோ இருப்பதால் ஊதாவாகிவிடும். நீலம் வேண்டுமென்றால் கொழுக்கட்டை மாவில் போடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் இதையே விளையாட்டாக்கலாம்: நீல உருண்டையில் எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள், மஞ்சள் உருண்டையில் சமையல் சோடா தூவச் சொல்லுங்கள். ஊதாவும் சிவப்பும் கண்ணெதிரே வரும்.

கடையில் நிறம் வாங்கினால் உணவுக்கானது என்று அச்சிட்ட சீசா மட்டும். பொட்டலத்தில் மடித்துத் தரும் ரோஸ் பொடி வேண்டவே வேண்டாம். துணிச் சாயமான ரோடமின் பி கலந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்கே தடை வந்தது.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் மாவு வாங்குவதாக இருந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பயணத்துக்கும் பிறந்தநாள் பரிசுக்கும் டப்பா வசதிதான். தினமும் விளையாட அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

பால்வாடியிலோ டியூஷனிலோ இருபது பிள்ளைகளுக்குச் செய்பவர்கள் தலைக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவில் ஒரு முறை கிளறினால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய வரும், இரண்டு முறை கிளறினால் சரியாக இருக்கும். ஒரே சட்டியில் இரட்டிப்பாகப் போட்டால் நடுவில் வேகாது, கையும் ஓய்ந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய தனி டப்பா கொடுத்தால் சளியும் பரவாது, சண்டையும் வராது. பூரிக்கட்டை, ஓட்டையான டீ வடிகட்டி, பழைய முறுக்கு அச்சு இவற்றைப் பக்கத்தில் வையுங்கள். முறுக்கு அச்சுக்கு மட்டும் எப்படியும் சண்டை வரும், இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.